பெயரை மறைத்து எடுத்த இருபது பிரதிகள்

எனக்கு ஆங்கிலம் வரும் என்று முதன்முதலில் நம்பியது நம் பயிற்சி நிலையத்தின் ஜெராக்ஸ் மெஷின்தான். மனிதர்கள் நம்புவதற்கு அதன் பிறகு பதினோரு வருடம் பிடித்தது. அந்த மெஷின் எந்தத் தாளை வைத்தாலும் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுக்கும். நானும் அப்படித்தான் இருந்தேன் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் என் அனுபவத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நீங்கள் எல்லாம் எம்.ஏ., அதற்கு மேலும் படித்தவர்கள். நான் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்தவன். மூன்றாவது வருடம் உட்கார பெஞ்சே ஒத்துக்கொள்ளவில்லை. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து ரயிலேறி, டெல்லி முனிர்க்காவில் இரண்டாவது மாடியில், வெளிநாடு போக ஆங்கிலப் பரீட்சை எழுதும் நர்ஸ்களுக்கான இந்த நிலையத்தில் ஜெராக்ஸ் எடுக்கச் சேர்ந்தேன். ரிடையர் ஆகும்போது வாத்தியார். நடுவில் என்ன நடந்தது என்று எனக்கே முழுதாகப் புரியவில்லை. மாணவிகள் கடைசி வரைக்கும் என்னை 'ஜெராக்ஸ் சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் சார் என்ற பகுதி பின்னால் வந்து சேர்ந்தது.

வெற்றிக் கதைகளை எழுதித் தரலாம். நாலைந்து இருக்கின்றன, அவற்றை நானே போதுமான அளவுக்குச் சொல்லித் திரிந்துவிட்டேன். இது வேறு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் பக்கத்தில் யாரும் இல்லாமல் எழுதுகிறேன்.

முதலில் மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். திருச்சிக்காரர், என்னைவிட இருபது வயது சின்னவர். இங்கே பாடம் எடுக்க வந்த முதல் வாரமே நர்ஸ்களுக்குக் கவிதையும் சிறுகதையும் கொடுக்கப் போகிறேன் என்றார். ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள், நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். ஊசி போடப் போகிற பிள்ளைகளுக்குக் கவிதை எதற்கு என்று கேட்டேன். மேடம் கோபப்படவில்லை. ஒரு நோயாளி 'பரவாயில்ல' என்று சொல்வதும் 'பரவாயில்ல சிஸ்டர், விடுங்க' என்று சொல்வதும் ஒன்றில்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், அதற்குச் சொற்களை உற்றுப் பார்க்கிற பழக்கம் வேண்டும், கவிதையில் அந்தப் பழக்கம் சீக்கிரம் வரும் என்றார்.

அதற்குப் பெயர் ஸ்டைலிஸ்டிக்ஸ். தமிழில் நடையியல் என்பார்களாம். உங்களுக்கு இதெல்லாம் கரதலப் பாடம், எனக்கு மேடம் சொல்லித்தான் தெரியும். எழுதியவர் யார், எப்போது பிறந்தார், எத்தனை பரிசு வாங்கினார் என்பதையெல்லாம் தள்ளி வைத்துவிட வேண்டும். இந்தச் சொல்லுக்குப் பதில் வேறு சொல் போட்டால் என்ன மாறும், எந்த வரி நீளம், எந்த வரி குட்டை, யார் பார்க்கிறார், எங்கே இருந்து பார்க்கிறார். இப்படிக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். தாளில் பெரிய பெயரைப் பார்த்தால் நம் பிள்ளைகள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். அதனால் பெயர் தெரியக்கூடாது. அங்கேதான் நான் வருகிறேன். இரண்டு விரல் அகலத்தில் ஒரு வெள்ளைக் காகிதப் பட்டையை வெட்டி, எழுதியவர் பெயர் மேல் வைத்து மூடி, பிறகு பிரதி எடுப்பேன். நடையியலில் என் முதல் பதவி அது. பெரிய பெரிய ஆட்களையெல்லாம் நான் வாயடைத்திருக்கிறேன்.

ஒரு நாள் மெட்ரோ வழியில் நின்றுபோய் மேடத்தால் வர முடியவில்லை. வகுப்பு இல்லை என்று சொல்வதற்காகத்தான் உள்ளே போனேன். கையில் அன்றைக்கு எடுத்த பிரதிகள் இருந்தன. பிள்ளைகள் டபுள் டூட்டி முடித்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள், அந்த முகங்களைப் பார்த்து எழுந்து போங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. தாளைக் கொடுத்தேன். கவிதையில் மேலே எல்லா வரியும் நீளம், கடைசி வரியில் மட்டும் ஒரே ஒரு சொல். ஏன் இப்படி, அந்த ஆளுக்குப் பேப்பர் தீர்ந்துபோச்சா என்று கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். பின்னாலிருந்து ஒரு பெண், "மூச்சு தீந்துபோச்சு சார்" என்றாள்.

எனக்குத் தெரிந்த எந்தப் படித்த மனிதரும் அதைவிட நல்ல பதில் சொல்லிக் கேட்டதில்லை. மறுநாள் மேடம் அதைக் கேட்டுவிட்டு, இனி வாரத்தில் ஒரு வகுப்பு நீங்கள் எடுங்கள் என்றார். அப்படித்தான் ஆபீஸ் பையன் வாத்தியார் ஆனான், நாற்பத்தெட்டு வயதில்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை சிரிக்க வைப்பது. அதனால் என் வகுப்பைப் போலீஸ் விசாரணை ஆக்கினேன். தாள்தான் சம்பவ இடம், சொற்கள் தடயம், நாம் எல்லோரும் இன்ஸ்பெக்டர். எழுதியவர் எதை மறைக்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும், கடைசியில் குற்றவாளி யார் என்று நான் கேட்பேன், எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். பக்கத்து அறையில் இலக்கணம் நடத்துபவர் சுவரைத் தட்டுவார். என் பேட்சில் இடம் கேட்டு ஆட்கள் வந்தார்கள். மேடம் ஒரு முறை கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வெளியே வந்து சொன்னது இதுதான்: "நல்லா சிரிக்க வைக்கிறீங்கண்ணா. ஆனா எழுத்துல தேடுங்க. எழுதினவங்கள தேடாதீங்க." நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் எப்போதுமே டிஸ்டிங்ஷன்.

இனி நான் சொல்ல வந்தது.

சில வருடங்களுக்கு முன், மேடம் அப்பாவின் ஆபரேஷனுக்காக ஒரு மாதம் திருச்சிக்குப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் பேட்ச் என் கையில் வந்தது. பத்தொன்பது பெண்கள், எல்லோரும் நம் பக்கம். காலையில் சர்ச்சில் பூசை முடித்து, மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு, தூக்கக் கலக்கத்தோடு வருவார்கள். அவர்களைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது பாதி நான், மீதி ரூபி. மார்த்தாண்டத்துக்காரி, வாய் ஓயாது. இந்தப் போலீஸ் விளையாட்டில் நான் இன்ஸ்பெக்டர் என்றால் அவள் கமிஷனர்.

அமலி அதற்கு நேர் எதிர். தூத்துக்குடி கடற்கரைப் பக்கம். கூப்பிட்டால் ஒழியப் பேசமாட்டாள். பரீட்சையை இரண்டு தடவை எழுதியிருந்தாள். மற்ற எல்லாவற்றிலும் தேறி, எழுத்துப் பகுதியில் மட்டும் இரண்டு தடவையும் அரை மார்க்கில் போயிற்று. அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி அவளுக்கு இடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தது. இந்த மூன்றாவது தடவையும் போனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று கடிதமே வந்துவிட்டது. பரீட்சைக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது.

'நான் மறக்காத ஒரு நாள்' என்று வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். எல்லோரும் கல்லூரி ஆண்டு விழா, முதல் விமானப் பயணம் என்று எழுதி வந்தார்கள். அமலி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். ஆங்கிலத்தில் இருந்ததை என் தமிழில் சொல்கிறேன். காலையிலிருந்து மத்தியானம் வரை ஓர் ஆஸ்பத்திரி வார்டு. ஒரு பச்சைத் திரை. மேலே ஒரு கொக்கி இல்லாததால் அதன் மூலை தொங்குகிறது. கட்டிலுக்குக் கீழே ஒரு ஜோடி புது ரப்பர் செருப்பு, விலைச் சீட்டு இன்னும் கிழிக்கவில்லை. சலைன் கம்பத்தின் சக்கரங்களில் ஒன்று ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது, மற்றது இன்னொரு பக்கம். வெள்ளை ஷூக்கள் வருகின்றன, போகின்றன. பிறகு நிறைய ஷூக்கள் ஒன்றாக வருகின்றன. டீ வண்டி நிற்காமல் போகிறது. இரண்டு மணிக்கு அந்தக் கட்டில் வேறொருவருக்குக் கொடுக்கப்படுகிறது. அவ்வளவுதான்.

படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருடம் மெஷின் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்த தாள்களில் இப்படி ஒன்றைப் பார்த்ததாக நினைவில்லை. இதை எழுதிய பெண்ணுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குச் சரக்கு கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றியது.

அதை டைப் செய்தேன். பத்தியை உடைத்து வரி வரியாகப் போட்டேன், பார்க்கக் கவிதை மாதிரி ஆகிவிட்டது. மேலே அவள் பெயரையும் டைப் அடித்து, அதன் மேல் என் வெள்ளைப் பட்டையை வைத்து மூடினேன். பெயரை அடிக்காமலே விட்டிருக்கலாம். ஆனால் திட்டம் அது இல்லை. வகுப்பு முடியும்போது பெயரோடு உள்ள மூலத் தாளைத் தூக்கிக் காட்டி, இவ்வளவு நேரம் நீங்கள் வெள்ளைக்காரன் எழுதினது என்று நினைத்தது நம்ம அமலி எழுதினது என்று சொல்ல வேண்டும், எல்லோரும் கைதட்ட வேண்டும், அமலி வெட்கப்பட வேண்டும், அந்தத் தெம்பில் பரீட்சையில் பிய்த்து உதறிவிட வேண்டும். எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்பதைத் தவிர.

இருபது பிரதி எடுத்தேன். வகுப்புக்குப் பத்தொன்பது, எனக்கு ஒன்று.

தாள் கைக்கு வந்ததும் அமலி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கண்ணடித்தேன். ஐம்பது தாண்டிய ஓர் ஆள், தன் மாணவியின் மனசைப் பிரதி எடுத்துப் பத்தொன்பது பேருக்கு விநியோகித்துவிட்டுக் கண்ணடிக்கிறான். அவள் முகம் போன விதத்தை நான் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

ரூபி முதல் நிமிஷத்திலேயே பிடித்துவிட்டாள். "சார், கொக்கி இருக்கு, செருப்பு இருக்கு, டீ வண்டிகூட இருக்கு. பேஷன்ட் எங்க? பேஷன்டப் பத்தி ஒரு சொல்லு இல்ல பாத்தியளா?"

உண்மைதான், நான்கூடக் கவனிக்கவில்லை. எனக்குக் கொண்டாட்டம் பிடித்தது. போர்டில் ஒரு கோடு போட்டு, பார்த்தது என்று ஒரு பக்கமும் பார்க்காதது என்று மறு பக்கமும் எழுதினேன். பிள்ளைகள் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். நர்ஸ்கள் அல்லவா, கேஸ் ஷீட் படித்துப் பழகிய கண். செருப்பு விலைச் சீட்டைப் பார்க்க நேரமிருந்தவளுக்கு நோயாளியின் முகத்தைப் பார்க்க நேரமில்லை என்றாள் ஒருத்தி. நிறைய ஷூ வந்தது என்றால் கிரிட்டிக்கல் ஆகியிருக்கிறது, அப்போது இவள் எங்கே போனாள் என்றாள் இன்னொருத்தி. இது டூட்டியில் தப்புப் பண்ணியவள் எழுதியது, அதனால்தான் மறைக்கிறாள் என்று மூன்றாவது குரல். நான் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தேன். செருப்பைப் பற்றி ஒரு ஜோக் சொன்னேன். சிரித்தார்கள். இலக்கணக்காரர் சுவரைத் தட்டினார். என் வாழ்நாளில் எடுத்த மிகச் சிறந்த வகுப்பு அது என்று நினைத்தேன்.

சரி இன்ஸ்பெக்டர்களே, குற்றவாளி யார் என்று கேட்டேன்.

"நர்ஸ்தான் சார்" என்று மொத்த வகுப்பும் சொன்னது.

பெயரைச் சொல்ல வேண்டிய இடம் அது. மூலத் தாளை எடுக்கக் கையை மேஜை மேல் வைத்தபோதுதான் அமலியைப் பார்த்தேன். தன் தாளை மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாக, நாலாக, எட்டாக, அதற்கு மேல் மடிக்க முடியாத அளவுக்கு. மருந்துப் பொட்டலம் மடிக்கிற மாதிரி நிதானமாக மடித்தாள்.

அந்த ஒரு விநாடியில்தான் எனக்கு ஏதோ உறைத்தது. இளம் ஆசிரியர்களே, நெருக்கடியில் ஒருவனின் தரம் தெரியும் என்பார்கள். என் தரம் தெரிந்தது. நிறுத்தியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். குறைந்தது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ரூபி, எழுதினது யாரு சார் என்று கேட்டாள். நான் சொன்னேன், ஒரு வெள்ளைக்காரம்மா, செத்து ரொம்ப நாளாச்சு என்று. எதையாவது சொல்லித் தப்பிக்க வேண்டும், சொல்லிவிட்டேன்.

"நல்லதாப் போச்சு, இல்லேன்னா இன்னும் எத்தன பேஷன்ட் போயிருக்குமோ" என்றாள் ரூபி.

வகுப்பு சிரித்தது. அமலி பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பாத்ரூமுக்குத்தான் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படி நினைக்க ரொம்ப முயற்சி செய்தேன்.

அவள் திரும்பி வரவில்லை. திங்கள், செவ்வாய் தனிப்பயிற்சிக்கும் வரவில்லை. நான் வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பினேன், கவிஞர் அம்மா கோபமா என்று. அதைக் கேட்டதற்கு நீல டிக் வந்தது, வேறொன்றும் வரவில்லை. பரீட்சைக்குக் கட்டிய பணத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று ஆபீஸில் போனில் விசாரித்தாள் என்று புதன்கிழமை தெரிந்தது. அப்போதுதான் பயந்தேன். நான் சிரிக்க வைத்த ஒரு மத்தியானத்துக்காக அந்தப் பெண் அயர்லாந்தை விடப் போகிறாள்.

மேடத்துக்குப் போன் செய்து ஒன்றுவிடாமல் சொன்னேன். பட்டை வைத்தது, கண்ணடித்தது, செத்த வெள்ளைக்காரம்மா. திட்டுவார் என்று காத்திருந்தேன். அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு முறை மெதுவாகப் படிக்கச் சொன்னார். பிறகு, "அண்ணா, எல்லாம் ரொம்ப மேல இருக்கு, இல்லாட்டி தரையில இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்லையே. இதை எழுதினவங்க எங்க உக்காந்திருக்காங்கன்னு வகுப்புல கேட்டீங்களா?" என்றார்.

கேட்கவில்லை. அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த கேள்விதான் அது. யார் பார்க்கிறார், எங்கே இருந்து பார்க்கிறார். அதைக் கேட்டால் சிரிப்பு வராது, அதனால் என் வகுப்புகளில் அதை நான் எப்போதோ கைவிட்டிருந்தேன். போனை வைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். தொங்குகிற திரை. அதன் அடியில் தெரிகிற செருப்பு, சக்கரம், ஷூ. அவள் திரைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாள். பத்தொன்பது தாளில் அச்சாகி எல்லோர் கண் முன்னாலும் இருந்தது.

வியாழக்கிழமை அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் கையால் எழுதித் தந்த வீட்டுப்பாடத் தாள் சட்டைப் பையில் இருந்தது. கேன்டீனில் பத்து நிமிஷம் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். யூனிஃபார்மோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். நான் தாளைக் கொடுத்தேன். நீங்கள் திரைக்கு வெளியே இருந்தீர்கள் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது என்றேன்.

அவள் தாளை வாங்கி மேஜை மேல் வைத்தாள். பிறகு, "எங்கம்மா சார்" என்றாள்.

மீதியை அவள் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். அம்மாவுக்கு ஊரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று பிடிவாதமாக டெல்லிக்கு அழைத்து வந்தது இவள்தான். தரை சில்லென்று இருக்கும் என்று வந்த அன்றே முனிர்க்காவில் செருப்பு வாங்கிக் கொடுத்தாள். நாலாம் நாள் காலையில் நிலைமை மோசமானபோது இவள் உள்ளே போய்க் கையைப் பிடிக்கப் பார்த்தாள். வார்டு சிஸ்டர் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து, "ஆஜ் ஆப் ஸ்டாஃப் நஹி ஹோ, பாஹர் பைட்டோ", இன்றைக்கு நீ ஸ்டாஃப் இல்லை, வெளியே உட்கார் என்று நாற்காலியைக் காட்டினார். தப்பில்லை, அதுதான் முறை, இவளும் எத்தனையோ பேரை அப்படி வெளியே உட்கார வைத்திருக்கிறாள். இரண்டு மணிவரை அந்த நாற்காலியில் இருந்தாள்.

"உள்ள என்ன மருந்து போடுதாங்க, எப்ப நெஞ்ச அமுக்குதாங்க, எல்லாம் சத்தத்துலயே எனக்குத் தெரியும் சார். நர்ஸா இருந்தும் நான் வெளிய இருந்தேன்" என்றாள். பிறகு, "கூட்டிட்டு வந்தது நாந்தான. அவங்க எல்லாரும் சொன்னது சரிதான சார், குத்தவாளி யாருன்னு?"

இல்லை என்று சொன்னேன். மூன்று நான்கு தடவை சொன்னேன். நான் சொன்ன எதற்கும் அவளிடம் அப்போது மதிப்பில்லை, இருக்கவும் கூடாது.

வகுப்பில் எழுந்து நின்று உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அவசரமாக வேண்டாம் என்றாள். யார் எழுதியது என்று ஒருத்திக்கும் தெரியக்கூடாது. எத்தனை பிரதி எடுத்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். "எங்கிட்ட ஒண்ணு இருக்கு. மிச்சம் பத்தொம்பதையும் கொண்டாங்க. எங்கம்மா கட்டிலு அவ பையில இவ பையிலன்னு கெடக்கக்கூடாது. கொண்டாந்தீங்கன்னா கிளாஸுக்கு வருதேன். இல்லேன்னா பரீட்சையே வேண்டாம் எனக்கு."

எழுந்து டூட்டிக்குப் போய்விட்டாள்.

பிரதி எடுத்துப் பழகிய கைக்குத் திரும்ப வாங்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நின்று, போன வாரம் கொடுத்த தாளை எல்லோரும் திருப்பித் தாருங்கள் என்றேன். எதுக்கு சார் என்று கேட்டார்கள். வெள்ளைக்காரம்மா என்று சொன்னது பொய், எழுதியவர் உயிரோடு இருக்கிறார், அவரைக் கேட்காமல் நான் திருடிக்கொண்டு வந்து உங்களிடம் கொடுத்தேன், நாம் படித்ததும் தப்பு, படிக்கச் சொன்ன முறையும் தப்பு, தப்பு என்னுடையது என்றேன். இதுவும் என் வேடிக்கைகளில் ஒன்று என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள். இத்தனை வருடமாக நான் சம்பாதித்திருந்தது அதுதான்.

ரூபி பையிலிருந்து தாளை எடுத்தாள். கொடுக்க நீட்டியவள் நீட்டாமல் நின்றாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இவ வெளிய இருக்கா" என்றாள். "கர்ட்டனுக்கு வெளிய."

ஆமாம் என்றேன்.

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அமலி வழக்கமாக உட்காரும் இடத்தைப் பார்த்தாளா, பார்க்கவில்லையா என்று நான் கவனிக்க விரும்பவில்லை. தானே எழுந்து வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொருத்தியிடமும் தாளை வாங்கினாள். போனில் படம் எடுத்து வைத்திருந்தவர்களைத் தன் கண் முன்னால் அழிக்கச் சொன்னாள். ஒருத்தி அதில் காய்கறிக் கணக்கு எழுதியிருந்தாள், இன்னொருத்தியுடையதில் டீக் கறை. பதினெட்டையும் என் மேஜையில் அடுக்கி வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். அன்று முழுவதும் பேசவில்லை.

பதினெட்டு. பத்தொன்பதாவது என்னுடையது.

அதை எடுத்துப் பார்த்தேன். வகுப்புக்கு முன்னால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் எனக்கு நானே குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அதை அவளிடம் கொடுக்க முடியாது. மெஷின் இரண்டடி தள்ளி நின்றது. டைப் செய்த மூலத் தாளை வைத்தால் இரண்டு விநாடி வேலை. பட்டையை வைத்தேன், பொத்தானை அமுக்கினேன். சூடாக ஒரு தாள் வந்து விழுந்தது. அதைப் பதினெட்டோடு சேர்த்தேன். அப்போதும் எனக்குள் ஒரு குரல், ஜெராக்ஸ் சார் பெரிய மூளைக்காரன் என்றது. என் பிரதியைக் கிழித்துப் போட்டிருக்கலாம், ஆனால் அதற்கும் துணிச்சல் வரவில்லை, மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அதே கேன்டீன், அதே மேஜை. அமலி ஒவ்வொன்றாக எண்ணினாள். காய்கறிக் கணக்கைப் பார்த்தாள், டீக் கறையைப் பார்த்தாள். கடைசித் தாளில் கை நின்றது. அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"இது யாருது சார்? மடிப்பே இல்ல. யாரும் கையில வச்சிப் படிச்ச மாதிரி இல்லையே."

நான் நடத்திய வகுப்புகளிலேயே நன்றாகப் படிக்கத் தெரிந்தவள் அவள்தான். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து என் பிரதியை எடுத்து மேஜையில் வைத்தேன்.

அவள் அதைப் பிரித்துப் படித்தாள். நானும் தலைகீழாகப் படித்தேன். செருப்பு வரிக்குப் பக்கத்தில், 'இங்கே செருப்பு ஜோக்.' டீ வண்டிக்குப் பக்கத்தில், 'ரூபி ஏதாவது சொல்வாள், விட்டுப் பிடிக்கவும்.' கட்டில் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது என்ற வரிக்குப் பக்கத்தில், 'இங்கே குற்றவாளி யார் என்று கேட்கவும். சிரிப்பு வரும். அடங்கும்வரை நிற்கவும்.' அதற்குக் கீழே, 'பிறகு அமலி. கைதட்டல்.'

மேஜை மேல் யாரோ வைத்துவிட்டுப் போன டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் விரல் அந்தக் கடைசி வரிக்குப் பக்கத்தில் இருந்தது.

"வந்துச்சா சார் சிரிப்பு?"

"வந்துச்சு" என்றேன்.

தலையசைத்தாள். என் பிரதியைப் பதினெட்டோடு வைத்து அடுக்கினாள். மடிப்பில்லாத தாளை எடுத்து என் பக்கம் தள்ளினாள். "இத நீங்களே வச்சிக்கிடுங்க, இன்னும் யாரும் படிக்கல" என்றாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குத்தானே வகுப்பு என்று கேட்டுவிட்டு எழுந்தாள்.

வந்தாள். அந்த இரண்டு வாரமும் கைடில் இருந்த கட்டுரைகளை மனப்பாடம் செய்து, அதே மாதிரி எழுதிக் காட்டி, எது சரி எது தப்பு என்று மட்டும் கேட்டாள். நான் வேறெதையும் கேட்கும் நிலையில் இல்லை. தேறினாள். அயர்லாந்துக்குப் போனாள். அதை என்னுடைய வெற்றிகளில் சேர்க்காதீர்கள், அவளும் சேர்த்திருக்கமாட்டாள்.

ஒரு மாணவி எழுதியதை வகுப்புக்கு எடுக்க உங்களுக்கு ஆசை வரும். நல்ல ஆசைதான். அவளிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்று சொன்னாலும், அவள் எங்கே உட்கார்ந்து அதை எழுதினாள் என்று தெரிகிறவரை மெஷின் பக்கம் போகாதீர்கள்.

அவள் திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான் ஜோக் எதுவும் சொல்லாமல் வெறும் பாடத்தை மட்டும் எடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்து ரூபி கையைத் தூக்கி, சாருக்கு உடம்பு சுகமில்லையா என்று கேட்டாள்.